அதே கதை, அதே இசை. கனம் மட்டும் எங்கே போனது?

கேள்வி கேட்டவர், டேனிஷ் மொழியில் வந்த 'ஃபோர்பிரிடெல்சன்' என்ற துப்பறியும் தொடரைச் சப்டைட்டிலோடு பார்த்து முடித்துவிட்டு, அதன் அமெரிக்க மறுஆக்கமான 'தி கில்லிங்'கையும் பார்த்திருக்கிறார். கதை ஒன்றுதான், பல காட்சிகள் அச்சு அசலாக அதேதான், நடிகர்களும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனாலும் மூலம் நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது, மறுஆக்கம் நழுவிவிடுகிறது, ஏன் என்கிறார். சுவீடனும் டென்மார்க்கும் சேர்ந்து எடுத்த 'புரோன்' தொடரிலும் அவருக்கு இதே அனுபவம். பார்த்தால் ரசனை பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. எனக்கு அதற்குள் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. ஒரு கதையை வேரோடு தூக்கி இன்னொரு ஊரில் நட்டால் எது கூட வராமல் நின்றுவிடுகிறது? அல்லது முதலில் பார்த்தது என்பதற்காக மட்டுமே மூலம் உசத்தியாகத் தோன்றுகிறதா?

நான் சென்னையில் 17 வருடங்களாகப் படத்தொகுப்பு செய்கிறேன். முதல் ஒன்பது வருடம் தினசரி சீரியல்கள், அப்புறம் ஓடிடி தொடர்கள். அதனால் என் பதில் எடிட் மேசையிலிருந்து வருகிறது. எனக்கு டேனிஷ், சுவீடிஷ் இரண்டும் தெரியாது. வசனத்தின் அழகைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே வெட்டப்படுகிறது, ஏன் வெட்டப்படுகிறது என்பதைப் பற்றிச் சொல்ல முடியும். முடிந்தவரை கொலையாளி யார் என்பதைச் சொல்லாமல் போகிறேன்.

இரண்டிலும் இருக்கும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மகளைக் காணவில்லை. அப்பா காரில் தேடிப் போகிறார், அம்மா வீட்டில் போனைக் காதில் வைத்தபடி இருக்கிறார். அப்பா போய்ச் சேரும் இடத்தில் போலீஸ் நிற்கிறது. அவரைத் தடுக்கிறார்கள். அவருக்குப் புரிந்துவிடுகிறது. இணைப்பு துண்டிக்கப்படவில்லை. அம்மாவுக்குக் கண்ணால் பார்க்க எதுவும் இல்லை, கணவரின் குரல் உடைவது மட்டும் கேட்கிறது. டேனிஷில் அந்த அம்மா அன் எலியோனோரா யோர்கன்சன், அமெரிக்கப் பதிப்பில் மிஷெல் ஃபோர்ப்ஸ். இரண்டு பதிப்புகளையும் ஒலியை அணைத்துவிட்டு அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், இந்த இடத்தில் மறுஆக்கம் ஒரு இழை கூடக் குறைவில்லை. முதல் அத்தியாயம் முழுவதுமே அப்படித்தான். பின்னணி இசைகூட இரண்டுக்கும் ஒருவர்தான், டென்மார்க்கின் ஃபிரான்ஸ் பாக். அத்தியாயத்தின் கடைசியில் எல்லாக் கதாபாத்திரங்களையும் வரிசையாகக் காட்டி, மேலே இசையை ஏற்றும் பழக்கத்தையும் அப்படியே கொண்டுபோயிருக்கிறார்கள். ஆகவே மறுஆக்கம் செய்தவர்களுக்குத் திறமை போதவில்லை என்ற விளக்கம் முதல் மணி நேரத்திலேயே விழுந்துவிடுகிறது. சரிவு பின்னால்தான் வருகிறது.

அது எங்கே தொடங்குகிறது என்று தேடியபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலர் சொல்வது, டேனிஷில் 20 அத்தியாயம், அமெரிக்காவில் 13, சுருக்கிவிட்டார்கள், அதனால் கெட்டுப்போயிற்று என்று. அது சரியில்லை. அமெரிக்கப் பதிப்பில் அந்த ஒரே வழக்கு 2011, 2012 என்று இரண்டு சீசன்களில் 26 அத்தியாயங்கள் ஓடுகிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 நிமிடம் என்றால் சுமார் பத்தொன்பதரை மணி நேரம். டேனிஷ் 2007 சீசனின் 20 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, மொத்தம் ஏறக்குறைய 19 மணி நேரம். இரண்டுக்கும் கிடைத்த நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. அந்த நேரம் எப்படித் துண்டாகிறது என்பதுதான் வித்தியாசம்.

டேனிஷ் தொடரை எடுத்தது டிஆர் என்ற பொது ஒளிபரப்பு நிறுவனம். விளம்பரம் கிடையாது, அப்போது மக்கள் கட்டிய உரிமக் கட்டணத்தில் நடந்தது. ஞாயிறு இரவு உட்கார்ந்தால் எழுந்திருக்கும் வரை ஒரே ஓட்டம். அமெரிக்காவில் ஒளிபரப்பிய ஏஎம்சி விளம்பரத்தோடு ஓடும் கேபிள் சேனல். அங்கே ஒரு அத்தியாயத்தை நான்கைந்து இடத்தில் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஆள் ரிமோட்டை எடுக்காமல் இருக்க ஏதாவது நடந்தாக வேண்டும்: ஒரு திடுக்கிடல், ஒரு புதுச் சந்தேகம், கதவைத் திறக்கும் ஒரு கை. இதைத்தான் கொக்கி என்கிறேன். இது எனக்கு நன்றாகப் பழக்கமான வேலை. சீரியலில் இருந்த காலத்தில், ஒரு மரணக் காட்சி முடிந்த பிறகு மருமகள் அடுப்படியில் தனியாக நின்று பாத்திரம் துலக்கும் ஒரு ஷாட்டை நான் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தேன். சேனலில் இருந்து வந்த திருத்தம் இரண்டே வரி: இதில் என்ன நடக்கிறது? பிரேக்குக்கு முன்னால் வேறு ஏதாவது வை. வைத்தேன். அந்த ஷாட் போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்த அமைப்பில் அப்படிக் கேட்பதுதான் அவர்கள் வேலை.

'ஃபோர்பிரிடெல்சன்' தொடரில் அப்படிப்பட்ட, 'என்ன நடக்கிறது' என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத காட்சிகள் நிறைய இருக்கின்றன. பெண்ணின் அப்பா வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் தொழில் நடத்துகிறார். கீழே கம்பெனி, மேலே வீடு. மகள் இறந்த பிறகும் கீழே வேலையாட்கள் பெட்டிகளைத் தூக்குகிறார்கள், முதலாளியை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். மேலே இரண்டு சின்னப் பையன்களுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். விசாரணைக்கு இதனால் ஒரு துரும்பு பயனும் இல்லை. ஆனால் பத்தாவது மணி நேரத்தில் ஒரு புதுச் சந்தேக ஆள் வந்து நிற்கும்போது, அவன் யார் என்பதைவிட அந்த வீட்டுக்கு இது என்ன செய்யும் என்றுதான் நம் மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது பயனில்லாத காட்சிகள்தான். அமெரிக்கப் பதிப்பிலும் அந்தக் குடும்பத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் துக்கம் ஒரு இடத்தில் ஊறத் தொடங்கும்போதே அடுத்த கொக்கி வந்து இழுத்துவிடுகிறது. டேனிஷ் தொடரிலும் கொக்கிகள் உண்டு, தவறான திசை காட்டும் சந்தேக ஆட்களும் ஏராளம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பெரிய கொக்கி என்பதற்கும் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் சொல்கிறேன்.

முதல் சீசன் முடிவில் எழுந்த கூச்சலும் இதோடு சேர்ந்தது. அமெரிக்கப் பதிப்பில் இறந்துபோகும் பெண்ணின் பெயரை வைத்து 'ரோசி லார்சனைக் கொன்றது யார்?' என்று விளம்பரம் செய்துவிட்டு, 13 அத்தியாயம் முடிந்ததும் பதில் சொல்லாமல் ஒரு வருடம் காக்கவைத்தார்கள். பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். டென்மார்க்கிலும் தொடர் இடையில் நின்றது. பத்து அத்தியாயம் 2007 தொடக்கத்திலும், மீதிப் பத்து அந்த வருட இலையுதிர் காலத்திலும் வந்தன. அங்கே அது தொடரைச் சாய்க்கவில்லை. 'யார்?' என்ற கேள்வியை மட்டும் விற்றால் பதிலைத் தள்ளிப்போடுவது ஏமாற்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். தலைப்பையே பாருங்கள். டேனிஷ் சொல்லுக்கு 'குற்றம்' என்று பொருள். வெளிநாட்டுக்குப் போனபோது ஆங்கிலத்தில் அது 'கொலை' ஆகிவிட்டது. கொலை ஒரு ஆளோடு முடியும். குற்றம் என்றால் ஊருக்கே பங்கு வரும்.

ஊருக்குப் பங்கு என்பதை அவர்கள் ஒரு விதியாகவே வைத்திருந்தார்கள். டிஆர் நாடகப் பிரிவில் இரண்டு கொள்கைகள் பிரபலம். ஒன்று, எழுத்தாளரின் பார்வைதான் மையம், மற்றவர்கள் அதைச் சுற்றி நிற்க வேண்டும். இன்னொன்று இரட்டைக் கதை: மேலே ஓடும் கதைக்கு அடியில் சமூகத்தைப் பற்றிய, அறத்தைப் பற்றிய இன்னொரு கதை ஓட வேண்டும். எழுதியவர் சோரன் ஸ்வைஸ்ட்ரப். படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதினார். கொலையாளி யார் என்று நடிகர்களுக்கே சொல்லவில்லை. அடியில் ஓடும் கதை கோபன்ஹேகன் மாநகராட்சித் தேர்தல். அது பல கட்சிகள் இருக்கும் அவை. ஒரு வேட்பாளர் மீது சந்தேகம் விழுந்ததும் கூட்டணிக் கட்சிகள் ஒவ்வொன்றாகக் கணக்குப் போடத் தொடங்குகின்றன. யார் விலகுவார், யார் விலை கேட்பார் என்று ஒவ்வொரு போலீஸ் தகவலும் அங்கே நாணயமாக மாறுகிறது. கூட்டணி அரசியலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இல்லை. சியாட்டிலுக்குப் போனதும் அது மேயர் பதவிக்கு இரண்டு பேர் மோதும் போட்டியாகச் சுருங்கிவிட்டது. சந்தேகம் வந்தால் ஒருவர் இறங்குவார், மற்றவர் ஏறுவார். அவ்வளவுதான் அதற்குள் இடம். புலம்பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆசிரியர் மீது சந்தேகம் விழும் பகுதியும் அப்படித்தான். முகமது நபி பற்றிய கேலிச்சித்திரங்கள் 2005-ல் டேனிஷ் நாளிதழில் வந்து எழுந்த கொந்தளிப்பு அடங்குவதற்குள் வந்த தொடர் அது. பார்த்த ஒவ்வொரு டேனிஷ்காரரும், அந்த ஆசிரியரைத் தான் எவ்வளவு சீக்கிரம் சந்தேகப்பட்டோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

'புரோன்' இன்னும் தெளிவான உதாரணம், ஏனென்றால் அங்கே மறுஆக்கம் நல்ல ஊரைத் தேர்ந்தெடுத்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் சுவீடனின் மால்மோவையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலம் 2000-ல் திறக்கப்பட்டது. 2011-ல் வந்த முதல் அத்தியாயத்தில், பாலத்தின் நடுவே எல்லைக் கோட்டின் மேல் ஒரு உடல் கிடக்கிறது. இடுப்புக்கு மேலே சுவீடனின் அரசியல்வாதி ஒருவர், கீழே டென்மார்க்கில் பாலியல் தொழில் செய்த வேறொரு பெண். இருதய நோயாளியை ஏற்றிய ஆம்புலன்ஸ் பாலத்தைக் கடக்க வேண்டும். சுவீடிஷ் அதிகாரி சாகா நோரென் விதியைச் சொல்லி மறுக்கிறார், டேனிஷ் அதிகாரி மார்டின் விட்டுவிடுகிறார். அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு ஆட்களும் தெரிந்துவிடுகிறார்கள், இரண்டு நாடுகளும் ஒன்றைப் பற்றி ஒன்று வைத்திருக்கும் எண்ணமும் தெரிந்துவிடுகிறது. பிறகு கொலைகாரன், உங்கள் சமூகத்தின் ஐந்து குறைகளைக் காட்டுகிறேன் என்கிறான். வீடற்றவர்கள், மனநோயாளிகள், சட்டத்தின் முன் சமமின்மை என்று போகிறது பட்டியல். இதையெல்லாம் தீர்த்துவிட்டோம் என்று நம்பும் நலவாழ்வு நாட்டின் முகத்துக்கு நேரே சொல்வதால் அது வலிக்கிறது.

அமெரிக்காவின் எஃப்எக்ஸ் சேனல் 2013-ல் அதைத் தன் எல்லை நகரமான எல் பாசோவுக்கும் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரேஸுக்கும் நடுவே கொண்டுபோய் வைத்தது. துணிச்சலான தேர்வு. ஹுவாரேஸில் 1993 முதல் எத்தனையோ பெண்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 2010-ல் மட்டும் அந்த நகரத்தில் மூவாயிரத்தை ஒட்டிக் கொலைகள். முதல் அத்தியாயத்திலேயே, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண் செத்தால் மட்டும் ஏன் இவ்வளவு அமளி என்று கேட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூலத்தைவிடப் பெரிய கேள்வி அது. ஸ்பானிஷ் வசனங்களையும் நிறையவே அப்படியே விட்டிருந்தார்கள். ஆனால் வாங்கிய கதைக்குக் கட்டுப்பட்டுப் போனார்கள். மூலத்தில் சமூகக் குறை பேசிய கொலைகாரனுக்கு அடியில் இருப்பது ஒரு தனிப்பட்ட பகை என்று பின்னால் தெரியும். ஸ்காண்டிநேவியாவில் அது சரியான அதிர்ச்சி. ஹுவாரேஸில் அதே திருப்பம் வந்ததும் அந்தப் பெரிய கேள்வி கைவிடப்பட்டதாகிவிட்டது. செத்துப்போன அத்தனை பெண்களும் யாரோ ஒருவனின் சொந்தக் கோபத்துக்கு வெறும் பின்புலம் ஆகிவிட்டார்கள். இரண்டாவது சீசனில் மூலத்தை விட்டு விலகிச் சொந்தக் கதைக்குப் போனார்கள், என் பார்வையில் மேலும் நன்றாக இருந்தது. 2014-ல் தொடரை நிறுத்திவிட்டார்கள்.

விளம்பர இடைவேளையைத்தான் எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்கிறேனோ என்று உங்களுக்குத் தோன்றலாம். சினிமாவில் விளம்பரம் இல்லை, அங்கேயும் இது நடக்கிறது. 1997-ல் வந்த நார்வே படம் 'இன்சோம்னியா'. சூரியன் மறையாத வடக்கு ஊரில், மூடுபனியில் ஒரு துப்பறியும் அதிகாரி தன் கூட்டாளியையே தவறுதலாகச் சுட்டுவிட்டு மறைக்கிறார். 2002-ல் கிறிஸ்டோபர் நோலன் அதை அலாஸ்காவில் வைத்து அமெரிக்காவுக்காக எடுத்தார். மறைப்பதற்கு அந்த அதிகாரிக்கு வேறொரு துப்பாக்கியின் குண்டு தேவை. நார்வே படத்தில் ஸ்டெலன் ஸ்கார்ஸ்கார்ட் உயிரோடு இருக்கும் ஒரு தெருநாயைச் சுட்டு, அதிலிருந்து குண்டை எடுக்கிறார். அமெரிக்கப் படத்தில் அல் பச்சினோ சுடுவது ஏற்கெனவே செத்துக் கிடக்கும் நாயை. இந்த ஒரு மாற்றத்தில் எல்லாமே இருக்கிறது. முடிவும் அதே திசைதான் (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மீதியை விட்டுவிடுங்கள்). மூலத்தில் உண்மை தெரிந்த இளம் பெண் அதிகாரி சாட்சியான தோட்டாக் கூட்டை அவரிடமே விட்டுவிடுகிறார், அவர் தப்பித்துக் காரில் போகிறார், இருட்டில் அந்தக் கண்கள் மட்டும் மின்னுகின்றன. மறுஆக்கத்தில் அந்தப் பெண் அதை வீசி எறியப் போகும்போது அவர் தடுக்கிறார், பிறகு இறந்துபோகிறார். நோலன் படம் நல்ல படம்தான். ஆனால் நாயகனின் குற்றத்தை நாம் தாங்கிக்கொள்ளும் அளவுக்குக் குறைத்துத் தந்துவிடுகிறது. மூலம் குறைப்பதில்லை. பெரிய நட்சத்திரம், பெரிய முதலீடு என்று வரும்போது பார்வையாளரை ஆறுதலோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடி வருகிறது என்பது என் ஊகம்.

இதுவரை சொன்னதில் அத்தியாயக் கணக்கும் வெட்டும் காட்சி மாற்றங்களும் உறுதியானவை. இனிச் சொல்வது எனக்கே சந்தேகமானது. டென்மார்க்கில் வருடத்துக்குச் சுமார் 50 கொலைகள்தான் நடக்கின்றன, அதனால்தான் ஒரு மரணத்துக்கு அவர்களால் 20 மணி நேரம் கொடுக்க முடிகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? குளிர், இருட்டு, அவர்களின் சுபாவம் என்று சொல்லும் விளக்கங்களை நான் நம்பவே இல்லை. அமெரிக்கப் பதிப்பில் மழை ஓயாமல் கொட்டியது, அது உதவவில்லை. சப்டைட்டில் விஷயம் மட்டும் யோசிக்க வேண்டியது. சப்டைட்டில் படிக்கும்போது நம்மால் போனை நோண்ட முடியாது, கண் திரையிலேயே இருக்கும், அதனால் ஆழமாகப் பார்க்கிறோம். வசனம் சுமாராக இருந்தால்கூட நமக்குத் தெரியாது. மூலத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணில் இது கொஞ்சம் சேர்ந்திருக்கும். இன்னொன்று, அங்கே வெற்றி பெற்றவைதான் பெரும்பாலும் நம்மிடம் வந்து சேர்கின்றன. அங்கே எடுத்த சுமாரான தொடர்களை நாம் பார்ப்பதே இல்லை. டென்மார்க்கின் 'டென் சம் ட்ரேபர்' அப்படியொன்று. மூலமே பெரிய வெற்றி இல்லை. 2014-ல் வந்த அமெரிக்க மறுஆக்கத்தை இரண்டு அத்தியாயங்களுக்குப் பிறகு வேறு சேனலுக்குத் தள்ளிவிட்டார்கள். மறுபக்கம், 'டிராகன் டாட்டூ' கதையை 2009-ல் சுவீடனிலும் 2011-ல் அமெரிக்காவில் டேவிட் ஃபின்ச்சரும் எடுத்தார்கள். தொகுப்பு வேலையில் ஃபின்ச்சர் படம்தான் மேலே என்று தயங்காமல் சொல்வேன்.

அமெரிக்கர்களுக்கு இது வராது என்று யாராவது முடிவுகட்டினால் நான் ஏற்கமாட்டேன். டேனிஷ்காரர்கள் 1990-களில் அமெரிக்காவுக்குப் போய், அங்கே தொடர்கள் எழுதப்படும் முறையை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். சுவீடனில் ஷோவால், வாலோ இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்களில் இருந்துதான் ஸ்காண்டிநேவியக் குற்றக்கதை என்ற இந்த வகையே பிறந்தது என்பார்கள். அவர்களே அமெரிக்க எழுத்தாளர் எட் மெக்பெய்னை சுவீடிஷில் மொழிபெயர்த்தவர்கள். கொடுத்தும் வாங்கியும் வளர்ந்த விஷயம் இது. கற்றுக்கொண்டு போனவர்கள் முறையை எடுத்துப்போய்த் தங்கள் ஊர்க் கதையை எழுதினார்கள். திரும்பி வாங்கியவர்கள் கதையை வாங்கி, அதைத் தங்கள் சேனலின் அச்சில் ஊற்றினார்கள்.

கடைசியாக, 'தி கில்லிங்' முதல் சீசனின் பதினோராவது அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். வழக்கு அன்றைக்குப் பெரிதாக நகராது. வழக்கை விசாரிக்கும் பெண் அதிகாரி லிண்டனின் மகனைக் காணவில்லை. அவரும் கூட்டாளி ஹோல்டரும் காரில் ஏறி நாள் முழுவதும் மழையில் தேடி அலைகிறார்கள். அவ்வளவுதான். கதை நகரவில்லை என்று அப்போது பலர் சலித்துக்கொண்டார்கள். ஹோல்டராக நடித்த ஜோயல் கின்னமான் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். மூலத்தில் இருந்த யான் மேயர் என்ற போலீஸ் கூட்டாளிக்கும் இந்த ஹோல்டருக்கும் ஒட்டே இல்லை, அமெரிக்க எழுத்தாளர்கள் தாங்களாகவே உண்டாக்கிய ஆள். அந்தக் காருக்குள் லிண்டன் எங்கே வளர்ந்தவர், ஹோல்டர் எதிலிருந்து மீண்டு வந்தவன் என்பதெல்லாம் நமக்குப் பிடிபடுகிறது. அந்த இருபத்தாறில் நான் இரண்டாவது முறை முழுசாகப் பார்த்தது அதை ஒன்றைத்தான்.